இரைச்சலுக்குக் கீழே ஒரு கதிரேசன்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆய்வகத்தில் எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். பரிமளாவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேரை ஓடவிட்டதே அவள்தான்.

மூலக்கூறுகளை எடைபோடும் மெஷின்கள் மூன்று ஊர்களில் இருந்தன. ஒரே ரத்த மாதிரிக்குச் சென்னை மெஷின் மலைபோல் சிக்னல் காட்டும். மதுரை மெஷின் மேடுபோல். நெல்லை மெஷின் கொசு கடித்த தடிப்புபோல். மூன்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது சாஃப்ட்வேரின் வேலை. 'எல்லாம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. ஆகவே ஆய்வகத்து ஆட்கள் உட்பட எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. வாசலில் தண்ணீர் லாரியும் கேன்டீனில் ஃப்ரிட்ஜும் ஒரே சத்தத்தில் முனகின.

கதிரேசனை மட்டும் காணவில்லை.

எதிர் மேஜைக்காரர். ஆறு வருடமாக அவளுக்குக் கேட்காத குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பவர். அது என்னவென்று அவளுக்கு ஓர் ஊகம் உண்டு. அந்த ஊகத்தை நம்பி இரண்டு பட்டுப்புடவை வாங்கியிருந்தாள்.

மிகச் சிறிய சிக்னலை சாஃப்ட்வேர் இரைச்சல் என்று தள்ளிவிடும். திரையில் எழுதியிருந்தது: 'கதிரேசன். இரைச்சல். பத்தரைக்கு நீக்கப்படும்.'

வராந்தா லிஃப்டின் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இரண்டே எட்டில் சாஃப்ட்வேரின் கவுண்டருக்குப் போனாள். உள்ளே அது காராசேவு தின்றுகொண்டிருந்தது.

"கதிரேசனை நீக்காதீங்க சார்."

"அது இரைச்சல்மா."

"மனுஷன்."

"மனுஷன்னா ஒரு மேடாவது தெரியணும்ல? கவலைப்படாதீங்க, இடத்தக் காலியா விடமாட்டோம். இருக்கிறதுலயே சின்னதா ஒரு பொருள எடுத்து, அதுல பாதிய வைப்போம். அதான் வழக்கம்."

"எது சின்னது?"

"குண்டூசி."

அரைக் குண்டூசியோடு குடித்தனம் நடத்துவதை யோசித்துப் பார்த்தாள். சரிப்படாது.

"வேற வழி?"

"அளவுகோல மாத்தலாம். இப்ப உங்க டைரக்டரோட அளவால எல்லாரையும் வகுக்கிறோம். அவரு பெருங்குரல், இவரு காணாமப் போறாரு. என்னிக்கும் மாறாத ஆள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க."

"நான் இருக்கேன். ஆறு வருஷமா ஒரே பஸ், ஒரே தயிர்சாதம்."

சாஃப்ட்வேர் கையைத் துடைத்துக்கொண்டது. "உங்கள உங்களாலயே வகுத்தா ஒண்ணுதான் வரும். கோபம், சிரிப்பு, தும்மல், எல்லாமே ஒண்ணு. ஆயுசுக்கும்."

"போடுங்க."

பத்து இருபத்தொன்பதுக்குக் கதிரேசன் நாற்காலியில் இருந்தார். குரல் ரயில்வே ஒலிபெருக்கிபோல் இருந்தது. கண்ணாடிக் குடுவைகள் அதிர்ந்தன.

"மேடம், அந்த 'எல்லாம்' டிக்க எடுங்க. ஆறு வருஷமா சொல்லிட்டிருக்கேன்."

பரிமளா புடவைகளை நினைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?" என்றாள், ஒன்று என்ற அளவில்.

"இன்னொண்ணும் இருக்கு."

அவர் அவள் பக்கம் சாய்ந்து, குரலை அடியோடு தாழ்த்திச் சொன்னார். திரை உடனே 'இரைச்சல்' என்று எழுதியது.

பரிமளாவுக்குக் கேட்டது. தலையாட்டினாள். ஒரே ஒரு முறை.