வாராவாரம் போன கடல்

ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரியில் வேலை பார்க்கிறேன் என்றால் எங்கள் சங்கரன்கோவில் பக்கம் யாருக்குப் புரியும்? அதனால் மெட்ராஸ் என்று சொல்லி வைத்திருந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் அப்பா போனில், "எங்கயாச்சும் போயிட்டு வந்தியாம்மா?" என்று கேட்பார். "பீச்சுக்குப் போனேம்ப்பா" என்று கூசாமல் சொல்வேன். உண்மையில் ஓ.டி. பார்த்திருப்பேன், இல்லையென்றால் ஹாஸ்டலில் துணி துவைத்திருப்பேன்.

இப்போது அம்மாவே வந்து நிற்கிறாள். அவள் பேர் மாடத்தி; மாடத்தி என்றால் எங்கள் தெருவே கொஞ்சம் ஒதுங்கிப் போகும். எதையும் கண்ணால் பார்க்காமல் நம்ப மாட்டாள்.

"பிள்ளை வேலையும் ரூமுமா அடைஞ்சு கெடந்தா கையோட கூட்டிட்டு வந்துருன்னு உங்கப்பா சொல்லிட்டாவ" என்றாள். "நாளைக்கு நீ போற பீச்சுக்கு என்னையும் கூட்டிட்டுப் போட்டி."

பீச் எந்தப் பக்கம் என்றே தெரியாத நான் மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடிக்கும். நான் லீவு போட்டால் சூப்பர்வைசர் "இசக்கி எங்கே?" என்று லைன் முழுக்கத் தேடுவார். ஊரில் என்னை யார் தேடினார்கள்?

என்னோடு வேலை பார்க்கும் ஷாரோன் உள்ளூர்க்காரி. அவளிடம் ஓடினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுக்கா இப்டி பயந்துகினு கீற? சிங்கப்பெருமாள் கோவில்ல ரயில் ஏறு, எக்மோர்ல எறங்கி பஸ்ஸ புடி. கடலு எங்கயும் ஓடிப் போவாது, அங்கதான் கீது."

மறுநாள் எழும்பூரில் இறங்கியதும் அம்மா தலையை நிமிர்த்தி அந்தச் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். லேசில் எதையும் பாராட்டாதவள், "எம்புட்டு அழகா கட்டி வச்சிருக்கான்!" என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி. அது என்ன, இது என்ன? எனக்கு என்ன தெரியும்? எல்லாவற்றுக்கும் "ஆபீஸ்" என்றேன்.

"எல்லாமே ஆபீஸா? இந்த ஊர்ல மனுசன் குடியிருக்க மாட்டானா?"

முன் சீட்டில் ஒருவர் தோள் குலுங்கச் சிரித்தார். நான் அவர் பக்கமே திரும்பவில்லை. ஆனாலும் எனக்கும் உள்ளுக்குள் ஆசையாகத்தான் இருந்தது. அகலமான சாலைகள், கோபுரம் வைத்த பழைய கட்டடங்கள், அத்தனை நெரிசலிலும் "பாத்து எறங்கும்மா" என்று அம்மாவுக்காக வண்டியை நிறுத்தி வைத்த கண்டக்டர். இவ்வளவு பெரிய ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு துணி துவைத்திருக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கினால் காலடியில் கடல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மணல்தான் இருந்தது, முடிவே இல்லாத மணல். பெரிதாகத் தெரிந்தவள் போல முன்னால் நடந்தேன். கடைகளைத் தாண்டியதும் சட்டென்று கடல் வந்தது.

அப்புறம் எனக்கு அம்மா ஞாபகமே இல்லை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அலை முழங்கால் வரை ஏறியது, திரும்பும்போது காலுக்கடியில் இருந்த மணலை உருவிக்கொண்டு போனது. பூமியே நழுவுகிற மாதிரி இருந்தது.

"எம்மா! அலை என்னைய இழுக்குதும்மா!" என்று அலறி, பின்னால் வந்தவளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"இதான் மொத தடவையாட்டி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "ஊருக்கு மட்டும் கூட்டிட்டுப் போயிராதம்மா." அழுதுவிட்டேன்.

அம்மா கடலைப் பார்த்தாள், நாங்கள் நடந்து வந்த மணலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வழி தெரியாமலேயா என்னை இம்புட்டுத் தூரம் கூட்டியாந்த?"

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அப்பாதான். "பிள்ளை எப்படி இருக்கா? அடைஞ்சுதான் கெடக்காளா?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

அம்மா ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடைஞ்சா? உங்க மவ கடலுக்குள்ள நிக்கா. போன வைங்க, அலை வருது."