ரிக் நடந்த பகல்

"அம்மா உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்று காரை விட்டு இறங்கியதுமே தம்பி சொல்லிவிட்டான். அக்கா ஒரு தலைக்கவசத்தை அவன் தலையில் கவிழ்த்து, வாரை இறுக்கினாள். "முதல்ல உள்ள வா."

அம்மாவைப் பயமுறுத்தியவனே அவன்தான். எண்ணெய்ச் சந்தையை ஆராயும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. எந்த எண்ணெய் வயலில் எத்தனை ரிக்குகள், அதாவது கிணறு துளைக்கும் கோபுரங்கள், ஓடுகின்றன என்ற எண்ணிக்கை வாராவாரம் வரும். அதைப் பார்த்து எண்ணெய் வரத்து கூடுமா குறையுமா என்று எழுதுவான். அக்கா வேலை பார்க்கும் வயலில் ரிக்குகள் ஒரே வருடத்தில் பாதியாகிவிட்டன. ஷேல் பாறைக் கிணறுகள் சீக்கிரம் வற்றுபவை; புதிதாகத் தோண்டிக்கொண்டே இருக்காவிட்டால் வரத்து படுத்துவிடும். "அந்த வயல் அவ்வளவுதாம்மா" என்று வீட்டில் சொன்னான். அலுவலகத்திலும் அதையே எழுதினான். அங்கிருந்து வரும் எண்ணெயின் அளவோ மாதாமாதம் ஏறிக்கொண்டே போனது. மேலாளர் கோபப்படவில்லை. "ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வாங்களேன்" என்றார். அதுதான் சுருக்கென்று தைத்தது.

அக்காவின் அறை ஒரு தகரப் பெட்டி. சுவர் நிறையத் திரைகள். ஒன்றில் பச்சைக் கோடு செங்குத்தாக இறங்கி, வளைந்து, படுத்த வாக்கில் ஓடியது. அதன் நுனி துடித்துக்கொண்டிருந்தது.

"துளைக்கிற பிட்டு, அதான் குழாய் நுனியில இருக்கற பல்லு, இப்ப அங்கதான் இருக்கு. மூணு கிலோமீட்டர் கீழ போயி, அப்புறம் திரும்பியிருக்கு."

"யாரு திருப்பறா?"

"நான்தான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நீ வந்தியே அந்த ரோடு, இப்ப அதுக்கு அடியில போகுது."

சின்ன வயதில் சைக்கிளை நேராக எதிர்வீட்டுச் சுவரில் விட்டவள். அவன் கதவைத் திறந்து வெளியே பார்த்தான். வெயிலில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. யாரும் ஒருநாளும் பார்க்கப்போகாத இருட்டில், கல்லைத் தின்றபடி அவளுடைய எஃகுப் பல் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் பகலில் அந்தக் கிணறு முடிந்தது. "இனிமே இதைக் கழட்டி, லாரில ஏத்தி, வேற இடத்துல மாட்டணும், இல்லியா?" என்று கேட்டான்.

"அது அந்தக் காலம். இங்கயே நில்லு."

பத்து மாடி உயரக் கோபுரம், குழாய்க் கட்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி, பெருமூச்சு விட்டு எழும்பியது. கீழே எஃகுப் பாதங்கள் அதைத் தூக்கி, நகர்த்தி, மண்ணில் இறக்கின. மறுபடி தூக்கின. அது நடந்தது. திறந்த வாயை மூட அவன் மறந்தான்.

"இப்படியே வரிசையா ஒரே இடத்துல எட்டு கிணறு தோண்டும்" என்றாள் அக்கா. "உன் எண்ணிக்கைல இது ஒரே ஒரு ரிக்குதான்."

"அப்போ என் கணக்கு மொத்தமும் தப்பு."

"தப்புன்னு யாரு சொன்னா? ரிக்கு பாதியாச்சுன்னா ஆளுங்களும்தான் பாதியாயிட்டாங்க. எண்ணெய்தான் குறையல. ரெண்டையும் எழுது." அறைப் பக்கம் திரும்பியபடி, "நான் வரலன்னு அம்மாகிட்ட சொல்லிடு. இப்ப ரெண்டு ரிக்க நான் ஒருத்தியே பாக்கறேன்" என்றாள். பெருமையா களைப்பா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவள் அறைக்குத் திரும்பிவிட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். நடக்கும் கோபுரத்தின் அவ்வளவு பெரிய நிழல், ஒவ்வொரு அடியாக, அவன் காலணியைத் தாண்டி, முழங்காலில் ஏறி, முகத்தை மூடிக் கடந்து போனது.