கிங்ஸ்டன் துறைமுகத்துப் பெட்டிஸ்

வாப்பாவின் மையத்தைச் சுமந்த சந்தூக்கு வாசல் படலையைத் தாண்டியதும் ஸுஹைரா ஃபிரிட்ஜைத் திறந்தாள். கலிமா ஓதும் சத்தம் பள்ளிப் பக்கமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் எல்லாரும் வாப்பாவோடு போய்விட்டார்கள். திரைக்குப் பின்னால் உம்மா வெள்ளைச் சேலையில், கணவனை இழந்தவளுக்கான இத்தா இருந்தாள்.

"உம்மா, நேத்து வாப்பாக்குப் பிசஞ்ச மா கிடக்கு."



"வீணாக்கப் போறியா?" என்றாள் உம்மா.

மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டுவதில்லை. மாவையும் இறைச்சிச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வேலி இடைவெளியால் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் நுழைந்தாள். அங்கே ஹாஜரா மாமி வந்தவர்களுக்கெல்லாம் சோறு ஆக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள இது? இண்டைக்கு நீ சட்டி தொடப்படாது. நாங்க ஈக்கிறோம் தானே."

"சோறு நீங்க ஆக்குங்க மாமி. இத சுட எனக்கு அவண் மட்டும் போதும்."

"இந்த நேரத்துல பெட்டிஸா?"

"பெட்டிஸ் இல்ல."

வாப்பா ரஸாக் இளமையில் சரக்குக் கப்பலில் சமையற்காரர். ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் அவரும் கூட வேலை செய்த சிலாபத்து மரியநாயகமும் அந்த ஊர்ப் பெட்டிஸை முதன்முதலாகத் தின்றார்கள். மஞ்சள் மேலோடு, உள்ளே தீயாய் உறைக்கும் இறைச்சி. அந்த ஊரில் பணிஸ் போன்ற மெத்தென்ற ரொட்டியைப் பிளந்து, அதற்குள் வைத்தும் தின்பார்களாம். ஊர் திரும்பிய வாப்பா அதே ருசியை மகள் கையால் வரவழைக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சரியா வந்த அண்டைக்கு நானும் பணிஸுக்குள்ள வெச்சித் தின்பன்" என்று மரியநாயகம் பந்தயம் போலச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு கடி கடித்துவிட்டு, "பெட்டிஸ் நல்லாருக்கு மகள்" என்று சிரித்தார். இதுவும் நம்மூர்ப் பெட்டிஸ்தான், கிங்ஸ்டனுடையது இல்லை என்று வாப்பாவின் முகம் விழுந்துவிடும்.

குற்றம் ஸுஹைராவின் கையில்தான் இருந்தது. ரொட்டிக்குப் பழகிய கை, மாவை அடித்துப் பிசைந்து பட்டரை உருக்கிவிடும். இறைச்சியைக் கண்டால் தானாகவே உருளைக்கிழங்கை மசித்துப் போடும். நேற்று அந்தக் கையை அடக்கினாள். மீன் வாடியில் வாங்கிய ஐஸ் மேல் சட்டியை வைத்து, மஞ்சள் கலந்த மாவில் பட்டரை விரல் நுனியால் மட்டும் உதிர்த்தாள். கிழங்குக்குப் பதில் பாண் ரொட்டித் தூள். நய்மிரிஸ் மிளகாயை அரிந்து போட்டபோது வீடே இருமியது. கட்டிலில் கிடந்த வாப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இதுதான் அந்த வாசம்! உடனே சுட்டுராத மகள். ஒரு ராவு குளிர்ல கிடக்கட்டும். அவசரப்பட்டுத்தான் ஒவ்வொரு தரமும் தோத்த நாம."

விடிகாலை, சுபஹுத் தொழுகைக்கு முன் அவர் போய்விட்டார்.

மாவை விரித்தாள், நிரப்பினாள், மடித்தாள், ஓரங்களை முள்ளுக்கரண்டியால் அழுத்தினாள். பிறகு அவண் கண்ணாடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேலோடு மெல்ல எழும்பியது. அடுக்கடுக்காகப் பிரிந்து பொங்கியது. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

"அல்லாஹ், பொன்னாட்டம் ஈக்கே! ஒண்டு தா பாப்பம்" என்று மாமி கை நீட்டினாள்.

"பொறுங்க மாமி. முதல்ல தின்ன ஒராள் ஈக்காரு."

அடக்கம் முடிந்து மரியநாயகம் வந்தபோது அவருடைய சப்பாத்தில் மையவாடி மணல் ஒட்டியிருந்தது. முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தார். ஸுஹைரா தட்டை நீட்டினாள். அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மென்றார். கண்ணில் நீர் முட்டியது. இன்னொரு கடி. வேலிக்கு அப்பால் மாமி அகப்பையோடு அசையாமல் நின்றாள்.

"மகள்," என்றார் கடைசியில், "பணிஸ் இருக்கா?"

"இந்தா ஈக்கி!" என்று மாமி கத்திய கையோடு வேலிக்கு மேலால் பணிஸ் ஒன்று வந்தது.

திரைக்குப் பின்னால் இருந்து உம்மா கேட்டாள். "என்னவாம் சொல்றாரு?"

"பணிஸ் கேட்டாரு உம்மா."

மரியநாயகம் பணிஸைப் பெருவிரலால் பிளந்து, மிச்சத்தை உள்ளே வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினார். மஞ்சள் துகள்கள் அவருடைய வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தன. அவர் தட்டிவிடவில்லை.