நகர்ந்த பலகை

பெட்டிக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினால் நான் விழுவேன். காசு போட்ட எவனுக்காகவும் விழுவேன். உள்ளே சக்கரத்தில் செருகியிருக்கும் புகைப்பட அட்டைகள் சரசரவென்று புரளும். துணிக்கூடையோடு நடந்து வரும் நான் சலவைக்கூடத்துப் பலகையில் கால் வைப்பேன், கூடை பறக்கும், சோப்புத் தண்ணீரில் மல்லாந்து விழுவேன். பார்ப்பவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

படம் எடுத்தது என் கொழுந்தன். "சும்மா நடந்து வாங்க அண்ணி, படத்துலயும் அப்படியே நடப்பீங்க" என்றுதான் சொன்னான். நடந்தேன். முழங்கால் சில்லு உடைந்தது. அன்றிலிருந்து அந்தக் கால் மடங்காது. தெருவில் எனக்குப் பெயர் தொபுக்கடி. வைத்தவர் வேறு யாருமில்லை, என்னைக் கட்டியவர்தான். அதே கூடத்தில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவர்.

"பலகை நகர்ந்துச்சுங்க" என்று எத்தனை முறை சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." ஒரு வருடமாக இதே பாட்டு. கேட்டுக் கேட்டு, நான்தான் பார்க்காமல் கால் வைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கால் போனதைவிட அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நேற்றுச் சாயங்காலம் துணி அடிக்கும் கட்டையோடு கொழுந்தன் கடைக்குப் போனேன். பெட்டியைச் சுக்குநூறாக்கிவிட்டுத்தான் மறுவேலை. என் வீட்டுக்காரரும் அங்கே ஸ்டூலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டாடா உன் கதாநாயகி!"

"உடைக்கிறதா இருந்தா பார்த்துட்டு உடைங்க அண்ணி" என்று கொழுந்தன் இளித்தான். "ஊரே பார்த்தாச்சு, நீங்கதான் பாக்கி."

காசைப் போட்டேன். ஒரு காசுக்குக் கொஞ்ச நேரம்தான் உள்ளே விளக்கு எரியும். எல்லாரும் விறுவிறுவென்று சுற்றுவார்கள். எனக்கு வேகமாக விழ மனம் வரவில்லை. அட்டை அட்டையாக நகர்த்தினேன். வருகிறேன். கூடை. பலகை. ஓரத்தில், கொதிகலன் பக்கமிருந்து ஒரு பூட்ஸ் கால். அடுத்த அட்டையில் அது பலகையைத் தொடுகிறது. அதற்கடுத்ததில் பலகை கோணலாகக் கிடக்கிறது.

விழுகிறவளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பலகையை எவன் பார்ப்பான்?

பூட்ஸின் முனையில் ஒட்டுத்தோல் போட்டிருந்தது. சாக்கு தைக்கும் நூலால், விரல் கிழியக் கிழிய நான் தைத்தது.

"என்னடி தொபுக்கடி, சிரிப்பு வரலையா?"

"வருது. நீங்களும் வந்து பாருங்க."

கட்டையைக் கீழே போட்டேன். இனி இந்தப் பெட்டியை உடைக்க எவனாவது கை ஓங்கட்டும், பார்க்கிறேன். அவருக்காக ஒரு காசு போட்டேன். குனிந்தவர் வழக்கம்போல் வேகமாகச் சுற்றப் போனார். அவர் கைமேல் என் கையை வைத்து அழுத்தினேன்.

"மெதுவா."

பூட்ஸ் பலகையைத் தொடும் அட்டையில் நிறுத்தினேன். தோள் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தவர் அடங்கினார்.

"சும்மா... ஒரு தமாஷுக்கு" என்றது பெட்டிக்குள்ளிருந்து குரல். "இவ்வளவு அடிபடும்னு நெனைக்கல."

கொழுந்தன் தரையைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. பாவிகள், இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வருடம் என்னைக் குருடியாக்கி வைத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதைவிட அந்த இருட்டே மேல் என்று குனிந்தபடி நின்றார்.

நான் இன்னொரு காசைப் போட்டேன்.

"சுத்துங்க" என்றேன்.