நாற்பத்தோராம் இதழின் கடைசிக் கட்டம்

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டி வந்தது. கொரியர்காரர் இரண்டு கையாலும் அதைத் தூக்கிவந்து, ஃப்ரேம் தட்டுகளுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, "உள்ள என்னம்மா, செங்கல்லா?" என்று கேட்டார்.

"காமிக்ஸ்" என்றேன்.

"இவ்ளோ கனமாவா? நாங்க படிச்சப்ப மடக்கிப் பாக்கெட்ல வெச்சுக்குவோம்."

பெட்டியின்மேல் தம்பியின் பெயர் இருந்தது. முகவரி மட்டும் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையுடையது. பகலில் அவன் எந்தக் கட்டடத்தின் உச்சியில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

உள்ளே இருப்பது எனக்கு மனப்பாடம். "நீலப் பாய்மரம்", அறுபது இதழ்களும், டீலக்ஸ் பதிப்பு. கெட்டி அட்டையில் நான்கு தொகுதிகள், துணி ஒட்டிய உறைப்பெட்டி, புதிதாகச் சுத்தம் செய்த ஓவியங்கள். முன்பதிவு அறிவித்த நாளிலிருந்து ஒன்றரை வருடமாக அவனுக்கு இதே பேச்சு. இணையத்தில் தேடினால் ஸ்கேன் கிடைக்கும் என்று சொன்னவர்களோடு சண்டைக்குப் போனான். "சாவித் துவாரம் வழியா சினிமா பார்க்கிற மாதிரிக்கா அது. புத்தகமா வரட்டும், உக்காந்து பார்த்துக்கறேன்."

அவன் எவ்வளவு ஆசைப்பட்டானோ அவ்வளவு நான் பயந்தேன். மூன்றாம் தொகுதியில் நாற்பத்தோராம் இதழ் இருந்தது.

அப்போது எனக்குப் பதினொன்று, அவனுக்கு எட்டு. அந்த இதழை வாங்கி வந்தது நான். அவன் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தான். கடைசித் தாளின் பின்பக்கத்தில் வாசகர் மன்றக் கூப்பன் இருந்தது. முதலில் எழுதும் நூறு பேருக்கு நங்கூரம் பொறித்த பேட்ஜ் உண்டு. தபால் எடுத்துவிடுவார்களே என்ற அவசரத்தில் கத்தரிக்கோலை எடுத்து, புள்ளிக்கோடு பிசகாமல் வெட்டினேன். உறையில் போட்டு, ஓடிப்போய்ப் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். கூப்பனுக்கு முதுகாக இருந்தது கதையின் கடைசிக் கட்டம். காமிக்ஸ் படிக்கிற பிள்ளைகள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

கதை நின்ற இடம் இதுதான்: பாறையில் மோதிய சரக்குக் கப்பல் மூழ்குகிறது. துணை மாலுமி ஒத்தக்காதன் அதன் தளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான். புயல் நெருங்குகிறது. தன் கப்பலில் சுக்கானைப் பிடித்து நிற்கும் கேப்டன், "இன்னும் ஒரு நிமிடம்தான்" என்கிறார். அடுத்தது ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக என் விரல்கள் தெரிந்தன.

தம்பி எழுந்து அந்த ஓட்டையைப் பார்த்தான். காய்ச்சல் உடம்போடு விக்கி விக்கி அழுதான்.

"அதுல என்ன இருந்துச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? பார்க்காமல் அல்லவா வெட்டியிருந்தேன். ஆனாலும் வாய் தானாகச் சொன்னது: "கேப்டன் கப்பலைத் திருப்பிட்டார்டா. கயிறு வீசுறார். ஒத்தக்காதன் பிடிச்சிட்டான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த மாதம் அப்பாவுக்கு மாற்றலானது. புது ஊரில் அந்தப் புத்தகம் வரவில்லை. சில வருடங்களில் அதைப் போட்ட காமிக்ஸ் கம்பெனியையே மூடிவிட்டார்கள். ஆக, எங்கள் வீட்டில் கதை நான் சொன்ன இடத்தில் முடிந்துபோனது.

சின்ன வயதில் சொன்ன பொய், மறந்திருக்க வேண்டியது. ஆனால் தம்பி அதைக் கூடவே கொண்டு வளர்ந்தான். பஸ்ஸைப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்ட நண்பனுக்காக ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். ஏன்டா என்று கேட்டால், "நான் கேப்டன் கட்சிக்கா" என்று சிரித்தான். நானும் கூடச் சிரிப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சிரிப்பு நின்றது. அவனுடைய தொழில் கூட்டாளி ஒரு பெரிய உடம்புக்காரர். லிஃப்டை மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பாளத்தைக் கவுண்டர்வெயிட் என்பார்களாம். அந்தப் பெயரையே அவருக்கு வைத்து, பிறகு சுருக்கி 'வெயிட்டு' ஆக்கியிருந்தான். வெயிட்டுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஸ்க்ரூவைப் பிடிக்க முடியாதவர் மெஷின் அறைக்கு எப்படி ஏறுவது? இருவர் வேலையையும் தம்பி ஒருவனே செய்தான். அந்தச் சமயம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிட்டது. போகவில்லை. அவன் மனைவி என்னிடம் வந்து, "எதையாவது சொல்லுங்க அண்ணி, கேட்டா கேப்டன் கப்பல்னு உளர்றாரு" என்று புலம்பினாள். நான் காபி கலக்க எழுந்துபோனேன்.

இப்போது அதே கம்பெனி மறுபடி கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சதுரம் அது. அதற்குள் நான் வைத்த படத்தைப் பார்த்துக்கொண்டு ஒருவன் வாழ்க்கை நடத்துகிறான் என்பது என் கற்பனையாகவும் இருக்கலாம். அக்காக்களுக்கு அப்படி ஒரு கர்வம் உண்டு. தம்பி தும்மினால்கூடத் தாங்கள் திறந்துவைத்த ஜன்னல்தான் காரணம் என்று நினைப்பார்கள். இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெட்டியைத் தூக்கி லென்ஸ் அறுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மாலையில் அவன் ஃபோன் செய்தான். "வந்துடுச்சா?"

"இன்னும் இல்லையே." செவ்வாய்க்கிழமைவரை தள்ளிவிட்டால் போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். யோசித்துச் சொன்னதில்லை.

"பன்னெண்டு மணிக்கே கொடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. கையெழுத்துகூட இருக்கு. உன் கோழிக்கிறுக்கல் எனக்குத் தெரியாதா?"

"ஓ, அதுவா! நான் ஏதோ லென்ஸ் பார்சல்னு நெனச்சுட்டேன்."

"லென்ஸ் பதினோரு கிலோவா வரும்? யாருக்குக்கா கண்ணாடி, யானைக்கா?" சிரித்தான். "சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன். தண்ணி கிண்ணி படாம பார்த்துக்கோ."

வியாழக்கிழமை இரண்டு கண்ணாடிகளைத் தப்பாகச் செய்தேன். ஒன்றில் இடது லென்ஸை வலதில் மாட்டியிருந்தேன். கடைக்காரர் அதைப் போட்டுப் பார்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டார். "இதைப் போட்டா கஸ்டமர் வீட்டுக்குப் போக மாட்டார்மா, நேரா ஆஸ்பத்திரிதான். என்ன ஆச்சு உனக்கு? அந்தப் பெட்டியையே பார்த்துக்கிட்டு இருக்கே, அதுல குண்டா வெச்சிருக்கு?"

"என் தம்பி புத்தகம் சார்."

"அப்ப அவனுக்குத்தானே பயம் வரணும்."

வெள்ளிக்கிழமை அவர் சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில் அதைத் திறந்தேன்.

வெளி அட்டைப்பெட்டி பெரிய விஷயமில்லை. உள்ளே உறைப்பெட்டியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் இறுக்கமாக ஒட்டியிருந்தது. சேகரிப்பவர்களுக்கு அந்த ஸீல்தான் உயிர். அதைப் பிரிக்கும் நிமிடத்துக்காகவே அவன் காத்திருந்தான். அடிப்பக்கத்து மடிப்பில் பிளேடை வைத்துச் சீராகக் கீறினேன். எனக்குக் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் தொகுதியை எடுத்தேன். தாள் வழவழவென்று கனமாக இருந்தது. நாங்கள் பார்த்த பழுப்பு மையெல்லாம் ஆழ்ந்த நீலமாக மாறியிருந்தது. பாறை. சரக்குக் கப்பல். "இன்னும் ஒரு நிமிடம்தான்." பிறகு அந்தக் கட்டம்.

அலை இருந்தது. அலைக்குமேல் சாய்ந்த பாய்மரத்தின் நுனி. மூலையில் 'தொடரும்'. மனிதர் என்று யாருமே அதில் இல்லை.

அவ்வளவுதானா? சட்டென்று உடம்பு லேசானது. நான் ஒன்றையும் அழிக்கவில்லை. கேப்டன் திரும்பியிருக்கலாம், கயிறுகூட வீசியிருக்கலாம். பக்கத்தைத் திருப்பினேன்.

நாற்பத்திரண்டில் வெயில் அடித்தது. கடல் அமைதியாக இருந்தது. வேறு யாரோ வரைந்திருந்தார்கள். கேப்டனுக்குத் தாடை அகன்று, பத்து வயது குறைந்திருந்தது. சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு புது மாலுமி, இரண்டு காதும் உள்ளவன், ஏதோ ஜோக் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கங்களைத் தள்ளினேன். நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. நான்காம் தொகுதியை எடுத்து அறுபதுவரை போனேன். ஒத்தக்காதன் இல்லை. யாரும் அவனைத் தேடவில்லை, அவனுக்காக வருந்தவில்லை, பேச்சுக்குக்கூட அவன் பெயர் வரவில்லை. கடைசிப் பக்கத்துக் குறிப்பில் பதிப்பாசிரியர் எழுதியிருந்தார்: நாற்பத்தோராம் இதழோடு பழைய கதாசிரியரும் ஓவியரும் விலகிவிட்டார்கள், புதியவர்கள் புதிதாகத் தொடங்கினார்கள்.

கேப்டன் கைவிட்டார் என்றிருந்தால் தேவலை. மனசு கனத்து, பல்லைக் கடித்துக்கொண்டு போனார் என்றிருந்தால் தம்பி அவரோடு சண்டையாவது போடலாம். இங்கே எவரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள். ஒத்தக்காதன் காப்பாற்றப்பட்ட ஒரே இடம், பதினொரு வயதில் பயந்துபோய் நான் திறந்த வாய்.

ஸீலை மறுபடி ஒட்டினேன். பிளாஸ்டிக் ஃப்ரேமை இளக்கி வளைக்க எங்களிடம் சூடான காற்று ஊதும் கருவி உண்டு. கீறிய ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தூரத்திலிருந்து ஊதினேன். பிளாஸ்டிக் சுருங்கி, இறுகி, பழையபடி ஆனது. விரலால் தடவினால்கூடத் தெரியவில்லை. இனி நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவன் எடுத்துப்போவான், ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து படிப்பான், திங்கட்கிழமை பதில் சொல்வான். என்ன சொன்னாலும் அது என் காதுக்குத் தாமதமாகத்தான் வரும். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு தடவை அவனுக்கு ஃபோன் செய்யப் போனேன். இரண்டு தடவையும் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை அவன் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தான். நகக்கண்ணில் கிரீஸ். "எங்கக்கா என் பெட்டி?"

மேசைமேல் வைத்தேன். அவன் விரல் முட்டியால் அதைத் தட்டினான், கதவைத் தட்டுகிற மாதிரி.

"நான் இதைப் பிரிச்சுட்டேன்டா."

"எதை?" வெளிப்பெட்டியை விலக்கி ஸீலைப் பார்த்தான், நான்கு பக்கமும் திருப்பினான். "அப்படியே இருக்கே."

"திரும்ப ஒட்டினேன்."

அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "அடிப்பாவி! இப்படி ஒரு கையை வெச்சுக்கிட்டு மாசச் சம்பளத்துக்கு இருக்கியே. முப்பத்தஞ்சு வருஷம் நான் பொறுத்தேன், மூணு நாள் உன்னால முடியலையா?"

"மூணாவது புத்தகத்தை எடு. நாப்பத்தொண்ணு பாரு."

"இங்கயா? கை அழுக்குக்கா."

"பாரு."

என் குரலில் எதையோ கேட்டிருக்க வேண்டும். லென்ஸ் துடைக்கும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, ஸீலைக் கிழித்தான். அந்த நிமிடத்தையும் நான் கெடுத்துவிட்டேன். நின்றபடியே படித்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"தொடரும்னு இருக்கு."

"ஆமா."

"கயிறு அடுத்ததுலயா?"

அவன் திருப்பினான், முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. "யார்க்கா இவன்?"

"புது மாலுமி."

"ஒத்தக்காதன்?"

"வரவே மாட்டான். கடைசி வரைக்கும் பார்த்துட்டேன்."

"அப்ப நீ அன்னிக்குப் பார்த்தது?"

"நான் பார்க்கலடா. பார்க்காமத்தான் வெட்டினேன். நீ அழுதே, அதான்..."

அவன் புத்தகத்தை மூடவில்லை. "சத்தியம் பண்ணியே" என்றான். நாற்பத்து மூன்று வயதுக் குரலில் அது சரியாக உட்காரவில்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வந்தது.

"வெயிட்டுக்காக நீ நின்னப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல. திங்கக்கிழமைக்கு முன்னாடியாவது உனக்குத் தெரியணும்னு..."

"என்னது, திங்கக்கிழமையா?" நிமிர்ந்து பார்த்தான். "நான் என்ன லூசாக்கா? ஒரு பொம்மைப் படத்தைப் பார்த்துட்டா வேலையை வேணாம்னு சொல்லுவேன்?"

"நீதானே கேப்டன் கட்சி, கேப்டன் கட்சின்னு..."

"அது சும்மா, வாய்ல வர்றது. வெயிட்டும் நானும் பதினாலு வருஷமா ஒரே லிஃப்ட் குழிக்குள்ள, ஒரே கயித்துல தொங்கினவங்க. அதுக்குக் கேப்டன் எதுக்கு? வேணாம்னுதான் சொல்லப் போறேன். நீ அன்னிக்கு என்ன சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்."

"நிஜமா?"

"நிஜமா. மூக்கைத் துடை. கஸ்டமர் வந்தா பயந்துடுவாங்க."

புத்தகத்தை உறைப்பெட்டிக்குள் தள்ளினான். தலைகீழாகப் போனது. மற்ற மூன்றின் முதுகில் எழுத்து நேராக இருக்க, அதில் மட்டும் கவிழ்ந்திருந்தது. மேசையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கோணலாக இருந்தால்கூடச் சரிசெய்துவிட்டுப் பேசுகிறவன், அதைக் கவனிக்காமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெட்டியைப் பைக்கின் டேங்க்மேல் வைத்து, ஏறி உட்கார்ந்தான். ஹெல்மெட்டைப் போட்டான். பிறகு கழற்றினான்.

அழுகிறவளைச் சமாதானப்படுத்தச் சொன்னதா, இல்லை உண்மையே அதுதானா? கதவு நாலு எட்டில் இருந்தது. போய்க் கேட்டால் இன்னொரு தடவை 'நிஜமா' என்பான். அன்றைக்கு அவன் என்னை நம்பியதுபோல நானும் அவனை நம்பிவிட்டு, அடுத்த கண்ணாடியை எடுத்து வேலையைப் பார்க்கத்தான் விரும்பினேன். எடுக்கவும் செய்தேன். லென்ஸில் நடுப்புள்ளி வைக்க முடியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். பைக் இன்னும் கிளம்பவில்லை.