ரேடியோவில் விடுபட்ட வரி

மேனுகா கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தம்பியின் ஏழு மாதக் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தாய் அனுஷியாவின் தோளில் கிடந்தது. காலையிலிருந்து ஆறு தடவை வயிற்றால் போய்விட்டதாம். தம்பி சுமன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கக் கீழே இறங்கியிருந்தான்.

"புதுசா ஏதும் குடுத்தனியா?"

"ஒண்டுமில்லை மச்சாள். நீங்கள் ரேடியோவில சொன்ன நாள் தொடக்கம் இன்னும் கவனமாத்தான் இருக்கிறன்."

மேனுகா மேசையிலிருந்த பால் போத்தலைப் பார்த்தாள். வெள்ளவத்தையில் இரசாயனவியல் ரியூஷன் கொடுப்பவள் அவள். சனிக்கிழமைகளில் வானொலியில் ஐந்து நிமிடம், புதிய கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசுவாள். போன வாரம் பால் போத்தல். சுடுநீர் பட்டால் பிளாஸ்டிக் போத்தல் கண்ணுக்குத் தெரியாத துகள்களை இலட்சக்கணக்கில் உதிர்க்கிறது என்று சொல்லி முடித்தபோது, தாளில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. 'அதற்காகப் போத்தலை அவிப்பதை நிறுத்திவிடாதீர்கள். அவித்த பின் கொதித்தாறிய நீரால் அலசுங்கள். பால்மாவைச் சுடுநீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் கரைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள்.' கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் ரொஷான் விரலைச் சுழற்றினான். விளம்பர நேரம். அவளும் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டாள்.

"போத்தலை அவிக்கிறனியா, அனு?"

"இல்லையே. சுடுதண்ணி பட்டா துகள் வரும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். பைப் தண்ணியிலதான் கழுவுறன், பாலும் அதிலதான் கரைக்கிறன். இவருக்கு ஒரே நக்கல், அக்கான்ர பேச்செண்டா உனக்குத் தேவாரம் எண்டு."

கீழே ஓட்டோவின் ஹோர்ன் கேட்டது. பேசாமலிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் இரவு மறுபடியும் இதே பைப் தண்ணீரில்தான் பால் கரையும்.

"அனு, நான் முழுக்கச் சொல்லேல்லை. அவிக்கத்தான் வேணும். அந்த வரிய வாசிக்க நேரம் இல்லாமப் போட்டுது."

அனுஷியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குழந்தையோடு படியிறங்கினாள்.

ஓட்டோவில் சுமன் முன்னால் சாரதியோடு ஒட்டிக்கொண்டான். வரும் வழியில் வாங்கிய, வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிப் பொடியை, தன் எவர்சில்வர் போத்தலில் இருந்த கொதித்தாறிய நீரில் அளந்து கரைத்தாள் மேனுகா. கரண்டியை நீட்டும்போது ஓட்டோ குலுங்கி நீர் தளும்பியது. அனுஷியா மச்சாளின் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் உதட்டருகே கொண்டுபோனாள். சிவப்பு விளக்கில் ஓட்டோ நின்றது. கரண்டி நீர் உள்ளே போனது. இரண்டு பெண்களும் அந்தச் சின்னத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.