பல் டாக்டர் மேடை ஏறினார்

பம்பரம் என்பது தெரு அவளுக்கு வைத்த பெயர். பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டே தாள் அடுக்குவாள். வேலை முடிந்ததும், எப்போதோ மூடிப்போன ஒரு பாத்திரக் கடையின் ஷட்டர் முன்னால் ஆடுவாள். அவளுடைய அண்ணன் செல்போன் பழுது பார்ப்பவன். அவனே ஒட்டிச் சேர்த்த ஒரு ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிறுத்துவான். அதைப் போட்டால் எதிர்க்கடைத் தராசு தானாக ஆடும். பாட்டு உச்சத்துக்கு வரும்போது பம்பரம் கிறுகிறுவென்று சுற்றி வந்து, குதிகாலால் ஷட்டரில் ஒரு உதை விடுவாள். தடார்! கூட்டம் நிற்பதே அந்த உதைக்காகத்தான்.

ஷட்டருக்கு நேர் மேலே, மாடியில், பல் டாக்டர்.

கீழே தடார் என்றால் மேலே நாற்காலியில் படுத்திருப்பவர் துள்ளுவார். டாக்டர் ஜன்னலைத் திறந்து கத்துவார்.

"ஏம்மா! சொத்தைப் பல்லைப் புடுங்கறேனா, பக்கத்துப் பல்லைப் புடுங்கறேனான்னு எனக்கே தெரியல!"

பம்பரம் மேலே பார்த்து ஒரு கும்பிடு போடுவாள். அண்ணன் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பான். ஜன்னல் சாத்தியதும் குறைத்ததைவிட அதிகமாகக் கூட்டுவான். டாக்டர் போலீசுக்கும் சொல்லிப் பார்த்தார். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள், ஒரு பாட்டு முழுக்கப் பார்த்தார்கள், கைதட்டிவிட்டுப் போனார்கள்.

இப்படி இருக்கையில்தான் அண்ணன் அவள் ஆடுவதைப் படம் பிடித்து ஒரு டிவி திறமைப் போட்டிக்கு அனுப்பினான். கூப்பிட்டார்கள். முதல் சுற்றில் தெருவில் ஆடியதை அப்படியே ஆடினாள். நடுவர்கள் எழுந்து நின்றார்கள். அதோடு சனியன் பிடித்தது. டிவிக்காரர்களின் டான்ஸ் மாஸ்டர் அவளைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார்.

"திறமை இருக்கும்மா. ஆனா தெருப் புழுதி இன்னும் போகல. நான் போக்கிடறேன்."

போக்கினார். சப்பாத்தி மடிக்கிற அலுமினியத் தாளில் தைத்தது போல ஓர் உடை கொடுத்தார். இடுப்பில் கம்பி மாட்டி மேலே தூக்கினார். கீழே புகை விட்டார். தரையில் கால் பட்டால்தானே உதைப்பதற்கு? அவள் காற்றில் மெல்ல நீந்தினாள்.

அடுத்த சுற்றுக்கு "உனக்கொரு உயிர்" என்று பெயர். போட்டியாளருக்குத் துணையாக நின்ற ஒருவரைச் சொல்லாமல் கொள்ளாமல் மேடைக்கு அழைத்துவருவார்கள். அது தான்தான் என்பதில் பம்பரத்தின் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. புது உடுப்பு எடுத்தாள். கண்ணாடி முன்னால் நின்று, திடுக்கிட்டு அழுவதற்குப் பழகினாள்.

ஆனால் டிவியிலிருந்து தெருவைப் படம் எடுக்க வந்த பெண், அம்மா அழுவது அலுத்துப்போச்சு, புதுசாக யாராவது வேண்டும் என்று தேடியிருக்கிறாள். மாடி ஜன்னலில் டாக்டர் நின்றார்.

"சார், கீழ ஆடுற பொண்ணைத் தெரியுமா?"

"தெரியுமாவா! தினம் தினம் அவ நினைப்புதான் எனக்கு."

"எங்க நடுவர்கள் முன்னாடி வந்து அவளைப் பத்திப் பேசுவீங்களா?"

"நடுவர்களா? எங்க வரணும், சொல்லு. இதுக்காக எத்தனை வருஷமா காத்திருக்கேன் தெரியுமா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரோ, தன் புகாரை ஒருவழியாக விசாரணைக்கு எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அந்தச் சுற்று நடந்த அன்று பம்பரம் புகைக்கு நடுவே நீந்தி இறங்கினாள். நடுவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். தொகுப்பாளர் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு, "இந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஓர் உயிர் இருக்கிறது!" என்றார். பார்வையாளர் வரிசையில் அம்மா பாதி எழுந்துவிட்டாள். மேடைக்கதவு திறந்தது. டாக்டர் டை கட்டி, தலை படிய வாரி, விறுவிறுவென்று வந்தார். பம்பரத்துக்கு உயிரே போய்விட்டது. ஓடலாம் என்றால் இடுப்பில் கம்பி இன்னும் மாட்டியிருந்தது.

"மனசுல இருக்கிறதைக் கொட்டுங்க சார்," என்றார் தொகுப்பாளர்.

டாக்டர் நடுவர்களைப் பார்த்து வணங்கினார். "இந்தப் பொண்ணால என் தொழிலே நாசமாப் போச்சுங்க."

அரங்கம் சிரித்தது.

"சிரிக்கிற விஷயமா இது? ஒருத்தருக்குப் பல் செட்டுக்கு அச்சு எடுக்கிறேன். கீழ தடார்னு ஒரு சத்தம். அவர் வெடுக்குன்னு கடிச்சிட்டார். அச்சுல அவர் பல்லும் இருக்கு, என் விரலும் இருக்கு!"

அரங்கம் உருண்டு புரண்டது. பம்பரம் தலையைக் குனிந்துகொண்டாள். காதெல்லாம் எரிந்தது. நடுவராக உட்கார்ந்திருந்த பாடகி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "அப்ப இன்னைக்கும் உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்?"

"இன்னைக்கா? உள்ள டிவியில பார்த்தேன். இதுக்குப் போய் யாராவது புகார் குடுப்பாங்களா? மிட்டாயை ஜிகினாத் தாள்ல சுத்திக் கயித்துல தொங்க விட்ட மாதிரி இருந்துச்சு. நான் புகார் சொன்னது இதுக்கில்ல. அது வேற ஆட்டம்."

"அது எப்படி இருக்கும்?"

"அதுவா..." டாக்டர் நடுவர்களின் மேசையில் இரண்டு கையாலும் தட்ட ஆரம்பித்தார். "இப்படி வரும். அப்புறம் இப்படி நெருங்கும். இந்த இடத்துல ஒரு நொடி சும்மா இருப்பா பாருங்க. ஊசியைக் கையில பிடிச்சிக்கிட்டு நான் மூச்சு விடாம நிப்பேன். வரும், இப்ப வந்துடும், இதோ..." மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். தண்ணீர்க் குவளை கவிழ்ந்தது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பம்பரம் தலையை நிமிர்த்தி அவரையே பார்த்தாள். அவர் தட்டியதில் ஓர் இடம்கூடப் பிசகவில்லை.

"அதை ஆடும்மா," என்றார் பாடகி.

ஓரத்தில் நின்ற டான்ஸ் மாஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். பம்பரம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கம்பியைக் கழற்றினாள், செருப்பை உதறினாள். "உதைக்க ஏதாவது வேணுமே," என்றாள்.

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த அம்மா விருட்டென்று எழுந்தாள். கேமரா சாமான் வைக்கிற தகரப் பெட்டி ஒன்றைத் தரதரவென்று மேடைக்கு இழுத்து வந்தாள். "நான் பிடிச்சிக்கறேன். நீ உதைடி!"

அம்மாவோடு வந்திருந்த அண்ணன் தன் போனில் இருந்த பாட்டைக் கொடுத்தான். பம்பரம் ஆடினாள். வெள்ளித் தாள் உடை தோளில் கிழிந்து தொங்கியது, அவள் கவனிக்கவில்லை. அந்த ஒரு நொடி நிறுத்தம் வந்தது. டாக்டர் மட்டும் முன்கூட்டியே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். தடார்! பெட்டியோடு அம்மாவும் ஒரு முழம் பின்னால் போனாள். அரங்கமே எழுந்து நின்றது.

அந்தச் சுற்றில் தப்பினாள். இறுதிச் சுற்றில் மக்கள் போன் மூலம் ஓட்டுப் போட்டார்கள். அதில், கூட்டல் கணக்குக்குக் குரைத்தே விடை சொல்லும் ஒரு நாய் ஜெயித்தது.

"தோத்ததுதான் தோத்தே, ஒரு மனுஷன்கிட்ட தோத்திருக்கக் கூடாதா?" என்று அம்மா வீடு வந்து சேரும்வரை புலம்பினாள். அவள் தகரப் பெட்டியைப் பிடித்த காட்சியைத்தான் ஊரே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது என்று அண்ணன் காட்டிய பிறகு ஓய்ந்தாள்.

பம்பரம் இரண்டு நாள் ஆடப் போகவில்லை. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தால், பாத்திரக் கடை முன்னால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். அண்ணன் வயரை மாட்டிக்கொண்டிருந்தான். மாடிப்படியில் டாக்டர் இறங்கி வந்தார். பம்பரம் எதற்கும் ஒரு கும்பிடு போட்டாள்.

"கும்பிடு கிடக்கட்டும். எப்படிம்மா தோத்தே? எவ்வளவு ஓட்டுப் போட்டேன் தெரியுமா?"

"நீங்களா டாக்டர்?"

"என் போன்ல போட்டேன். நர்ஸ் போன்ல போட்டேன். மரத்துப்போற ஊசி போட்டு உட்கார வச்சிருந்தவங்க போனை எல்லாம் வாங்கிப் போட்டேன். அவங்களால வாயைத் திறந்து வேணாம்னு சொல்லவா முடியும்?"

"நான் ஜெயிக்கணும்னு அவ்வளவு ஆசையா உங்களுக்கு?"

"பின்ன? ஜெயிச்சா நீ பெரிய ஆளாகி வேற எங்கயாவது போய்த் தொலைவேன்னு பார்த்தேன்," என்றார் டாக்டர். "இப்ப என்னடான்னா, இந்தக் கூட்டத்தையும் கூட்டிக்கிட்டு இங்கயே வந்து நிக்கறே."

அவள் சிரித்தாள். போட்டியில் தோற்றதிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. அண்ணன் பாட்டைப் போட்டான். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார். பாதிப் படியில் நின்றுவிட்டார், அந்த உதைக்காக.